முளைத்த வலது கை

அன்றைக்குக் காலையில் பூதலிங்கத்தின் கையில் யாரும் அரத்தைக் கொடுத்திருக்கக் கூடாது. அவ்வளவு கோபத்தோடு வந்திருந்தார். ஆனால் எஸ்தர் டீச்சருக்கு அது எப்படித் தெரியும்? கோபமில்லாத பூதலிங்கத்தை டீச்சர் ஒருநாளும் பார்த்ததில்லை.

பூதலிங்கத்துக்கு வயது ஐம்பத்து நாலு. டீச்சருக்கு நாற்பத்தொன்று. குருவை விடச் சீடர் பதின்மூன்று வயது மூத்தவர். பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் பல் செட் செய்து கொடுத்தவர், கடையை மூடிவிட்டு, எலும்பு படிக்க வேண்டும் என்று போன வருஷம் கல்லூரியின் எலும்பு அறை வாசலில் வந்து நின்றார்.

“பிளாஸ்டர் கலக்கத் தெரியுமா?” என்று கேட்டார் டீச்சர்.

“தூக்கத்துல கலக்குவேன்.”

“தூங்காம கலக்குங்க. உள்ள வாங்க, அண்ணாச்சி.”

சேர்த்துக்கொண்ட விதம் அவ்வளவுதான்.

மூன்று மாசத்துக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து மரப்பெட்டிகளில் அச்சுகள் வந்து இறங்கின. நியாண்டர்தால் மனிதன் ஒருவனின் எலும்புகளிலிருந்து எடுத்த அச்சுகள். நியாண்டர்தால் என்றால் நமக்குப் பங்காளி முறை. பனிக்காலத்தில் வாழ்ந்து, அழிந்துபோன கூட்டம். இந்த ஆள் ஏறக்குறைய ஐம்பதாயிரம் வருஷத்துக்கு முன்னால், மேற்கு ஆசியாவில் ஒரு மலைக்குகையில் செத்தவன். அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, எலும்பெலும்பாக வார்த்து எடுத்து, கம்பியில் கோத்து, காட்சிக்கூடத்தில் நிற்க வைக்க வேண்டும். பொறுப்பு பூதலிங்கத்துடையது.

வேலை அவருக்குப் பிடித்துப்போனது. புருவத்துக்கு மேலே திண்டு வைத்த மாதிரி புடைத்த எலும்பை அரைமணி நேரம் தடவிக்கொண்டிருந்தார். தாடையைக் கையில் வாங்கியதும் சிரித்தே விட்டார்.

“மோவாயே இல்லையே, டீச்சர்! கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால என் சுண்டுவிரல் போவுது. இந்த வாய்க்கு செட்டு கட்டச் சொன்னா நான் என்னைக்கோ கடையை மூடியிருப்பேன்.”

விலா எலும்புகளைக் கோத்தபோது நெஞ்சு பீப்பாய் போல அகன்று நின்றது. தொடை எலும்பு நம்முடையதைவிடத் தடிமன், கொஞ்சம் வளைவு. முழங்காலுக்குக் கீழே குட்டை. ஒரு மூட்டை நெல்லைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடக்கூடிய உடம்பு என்று சொன்னார்.

அன்றைக்கு, ஒரு வியாழக்கிழமை, கடைசி அர வேலையையும் முடித்துவிட்டு மதியம் டீச்சரைக் கூப்பிட்டார்.

“முடிஞ்சுது. வந்து பாருங்க.”

டீச்சர் வந்தார். தலையிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். இடது கண் குழி வரைக்கும் வந்தவர் அங்கேயே நின்றார். பிறகு வலது தோளுக்கு வந்தார். அப்புறம் குனிந்து வலது பாதத்தைப் பார்த்தார். பூதலிங்கம் பாராட்டை எதிர்பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இது என்னது?”

“வலது கை.”

“கைன்னு தெரியுது. இவருக்கு எப்ப முளைச்சுது?”

பூதலிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பெருமையாகவே சொன்னார். “வார்ப்பு சரியா வரலை, டீச்சர். மேல்கை குச்சி மாதிரி வந்துச்சு. அச்சுல பிளாஸ்டர் நிறையலை போலிருக்கு. வளைஞ்சு வேற கெடந்துச்சு, ரெண்டு இடத்துல முண்டு. முண்டை ராவிட்டு, இடது கை அளவுக்குப் பிளாஸ்டர் ஏத்துனேன். முழங்கைக்குக் கீழ பெட்டியில அச்சே இல்ல. இடது கையைப் பாத்து நானே ஒண்ணு செஞ்சேன்.”

“கண் குழி?”

“நசுங்கியிருந்துச்சு. நிமித்திட்டேன்.”

“பாதம்?”

“அங்கயும் ஒரு முண்டு. ராவியாச்சு. ஒரு கொறை வைக்கல, டீச்சர்.”

டீச்சர் மேஜையில் கிடந்த அரத்தை எடுத்தார். ஜன்னல் வழியாக வெளியே வீசினார். சைக்கிள் நிறுத்துமிடத்தின் தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் ரெண்டு காக்கைகள் பறந்தன.

“யாரு உங்களை இவருக்கு வைத்தியம் பாக்கச் சொன்னது?”

“டீச்சர்!”

“முப்பது வருஷம் பல்லு ராவுன கை. முண்டு தட்டுப்பட்டா ராவணும், இல்லாத எடத்துல ஒண்ணைச் செஞ்சு சொருவணும். அப்படித்தானே? இது ஈறு இல்ல, அண்ணாச்சி. உறுத்தட்டும்னுதான் அது அங்க இருக்கு!”

பூதலிங்கத்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மூன்று மாசம் முதுகு ஒடிய வேலை பார்த்தவர். இந்தப் பேச்சைக் கேட்கவா பார்த்தார்?

“நொண்டியும் கூனுமா நிறுத்தணும்னா அதுக்கு நான் எதுக்கு? செம்மையா இருக்கட்டும்னு செஞ்சது ஒரு தப்பா?”

“அச்சு முழுசா நிறைஞ்சுதான் இருந்துச்சு. அவரு கையே அவ்வளவுதான்.”

பூதலிங்கம் திரும்பித் தான் செய்த கையைப் பார்த்தார்.

“வெட்டுங்க அதை,” என்றார் டீச்சர். “அச்சை எடுத்து மறுபடி வார்த்து எடுங்க. நான் இங்கதான் உக்காந்திருப்பேன்.”

பல்லைக் கடித்துக்கொண்டு ரம்பத்தை எடுத்தார். நாலு நாள் பாடுபட்டுச் செய்த முன்கையை ரெண்டு நிமிஷத்தில் அறுத்துத் தள்ளினார். மேல்கையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டார். பிளாஸ்டரைக் கலக்கிய வேகத்தில் பாதி சட்டையில் தெறித்தது. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். அச்சின் மேல் கையை வைத்து, சூடு ஏறி இறங்கும் வரை காத்திருந்து, திறந்தார்.

மெலிந்த ஒரு கை. முழங்கைக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துபோன கை. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

“தடவுங்க. அந்த முண்டு என்னது?”

தடவினார். இந்தத் தடவை அரமில்லாமல்.

“ஒடஞ்சிருக்கு. ஒட்டியிருக்கு.”

“எத்தனை எடத்துல?”

“ரெண்டு.”

“சாவும்போது ஒடஞ்சதா?”

“இல்ல. விளிம்பெல்லாம் மழுங்கி ஒண்ணாயிருச்சு. பல வருஷம் ஆயிருக்கும்.”

“சின்ன வயசுலயே ஒடஞ்சது. அதுக்கப்புறம் அந்தக் கை வளரவே இல்ல. தோள்பட்டையைப் பாருங்க, கழுத்தெலும்பைப் பாருங்க. வலது பக்கம் எல்லாமே சிறுத்துப்போச்சு. கீழ்க்கை போயே போச்சு. நீங்க நிமித்துனீங்கள்லா இடது கண்ணு, அது அடிபட்டு ஆறுன எடம். அந்தக் கண்ணுல பார்வை இருந்திருக்காது. ரெண்டு காதுக்குள்ளயும் எலும்பு வளந்து அடைச்சிருக்கு. பாதத்துல ஒடைவு. நொண்டி நொண்டித்தான் நடந்திருப்பாரு.”

“சாவும்போது வயசு?”

“நாப்பதுக்கு மேல. அந்தக் கூட்டத்துல அது கெழட்டு வயசு.”

பூதலிங்கம் மண்டையோட்டைத் திருப்பினார். முன்பற்களைப் பார்த்தார். நூறு தடவை பார்த்த பற்கள்தான். இது மட்டும் அவருக்கு டீச்சர் சொல்லித்தர வேண்டியதில்லை.

“முன்பல்லு மொட்டையாத் தேஞ்சிருக்கு. கடைவாய் இவ்வளவு தேயலை. தின்னு தேஞ்சதில்ல, டீச்சர். எதையோ கடிச்சுப் புடிச்சு இழுத்திருக்கான். தோலோ, கயிறோ. கைக்குப் பதிலா வாயி.”

“இருக்கலாம்.”

“வேட்டைக்குப் போயிருக்க முடியாது.”

“ரொம்பக் கஷ்டம்.”

“அப்ப எவனோ இவனுக்குக் கொண்டாந்து போட்டிருக்கான். வருஷக்கணக்கா.”

“அப்படித்தான் தெரியுது.”

அந்த இடத்தில் பூதலிங்கத்துக்கு ஏதோ ஒன்று அறுந்தது. மண்டையோட்டை மேஜையில் வைத்தார். மெதுவாக வைத்தார், அது ஒன்றுதான் அவர் மெதுவாகச் செய்தது.

“எதுக்குப் போட்டான்? எந்த மடையன் போட்டான்? அப்பவே ஒரு கல்லைத் தூக்கித் தலையில போட்டுட்டு அடுத்த குகைக்குப் போயிருக்க வேண்டியதுதானே!”

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். “யாரைச் சொல்லுதிய?”

பூதலிங்கம் சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்துப் போட்டார். முதியோர் காப்பகத்தில் சேர்ப்பதற்கான விண்ணப்பம். எல்லாம் எழுதியிருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

“எங்க அண்ணன். நயினார். நாலு மணிக்கு வண்டி வருது.”

அவருக்கு அண்ணன் ஒருவர் இருக்கிறார் என்றே டீச்சருக்குத் தெரியாது. பூதலிங்கம் சொல்லிக்கொண்டே போனார். ஆறு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. போடா. பசித்தாலும் போடா. வயிறு நிறைந்தாலும் போடா. மூத்திரம் வந்தாலும் போடா. ஆறு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறது அவர்கள் ரெண்டு பேர். நாளெல்லாம் அவர் காதில் விழுகிறது அந்த ஒரு வார்த்தை.

“பேச்சு இருந்தப்ப மட்டும் என்ன வாழ்ந்துச்சு? பதினஞ்சு வயசுல என்னைப் பள்ளிக்கூடத்துல இருந்து இழுத்துட்டு வந்தவன் அவன். பெல்ட்டாலயே அடிப்பான். எனக்கு டாக்டராவணும், எலும்பு படிக்கணும்னு ஆசை. பல்லு ராவுற கடையில கொண்டு தள்ளுனான். அவன் வாயில நான் தினமும் மூணு வேளை ஊட்டுதேன்! ஒவ்வொரு வாய்க்கும் ஏசிக்கிட்டேதான் ஊட்டுதேன். சீக்கிரம் செத்துத் தொலைன்னு சொல்லிக்கிட்டே ஊட்டுதேன்.”

“இன்னைக்கு என்ன நடந்துச்சு?”

பூதலிங்கம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “காலையில இட்லியைப் பிச்சு வாய்கிட்ட கொண்டுபோனேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு போடான்னான். தட்டோட எறிஞ்சேன். சுவத்துல பட்டுத் தட்டு நெளிஞ்சுபோச்சு. அவன் கட்டில்ல இருந்து சரிஞ்சு எறங்கி, தரையில கெடந்த இட்லியை இடது கையால பொறுக்கித் தின்னான். மண்ணோட தின்னான், டீச்சர்.”

டீச்சர் அந்தத் தாளை மடித்து வைத்தார்.

“அதைப் பாத்து எனக்கு அழுகை வரணும்லா? வரலை. இன்னும் கோவம்தான் வந்துச்சு. நீ பொறுக்கித் தின்னு என்னை வதைக்கியாலேன்னு கத்துனேன். அப்பதான் பயம் வந்துச்சு. அந்த எடத்துலயே காப்பகத்துக்குப் போன் போட்டேன். பிரியமா ஊட்டுத யாராவது ஊட்டட்டும். எனக்கு அந்த யோக்கியதை இல்ல.”

எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

“நீங்க படிச்சவங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வெறுத்துக்கிட்டே போடுத சோறு, சோறா?”

வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீராவது கொடுத்திருப்பார்கள். டீச்சர் அலமாரியைத் திறந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்.

“இவருக்கு அந்தக் கூட்டத்துல எவனோ கறியோ கெழங்கோ கொண்டாந்து போட்டிருக்கான்லா. பிரியமாப் போட்டானா, வயித்தெரிச்சலோட போட்டானா? பாத்துச் சொல்லுங்க.”

“அது எப்படி எலும்புல தெரியும்?”

“எலும்பு படிக்கத்தானே வந்திய? படிங்க!”

“நான் என்ன கேக்கேன், நீங்க என்ன…”

“படிங்கன்னு சொன்னேன்.”

டீச்சர் போய்த் தன் மேஜையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்த ஆரம்பித்தார். சிவப்புப் பேனா தாளைக் கிழித்துவிடும் போல ஓடியது. அந்த மாணவர்கள் பாவம்.

வீம்புக்குத்தான் ஆரம்பித்தார் பூதலிங்கம். ஒன்றுமில்லை என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு, வண்டிக்கு வழி சொல்லப் போகலாம் என்பது எண்ணம். விலா எலும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதுகெலும்பின் கண்ணிகளை எண்ணி எண்ணிப் பார்த்தார். வலது முழங்காலும் கணுக்காலும் தேய்ந்து முள் வைத்திருந்தன. வலி உயிர் போயிருக்கும். அச்சுகளைத் திறந்து, தான் ராவித் தள்ளிய பாதத்து முண்டு இருந்த பள்ளத்தை விரலால் தேடினார். நசுங்கிய கண் குழியின் தடத்தையும் தேடினார். எல்லாம் அங்கே பத்திரமாக இருந்தது.

விழுந்தது இருந்தது. அடிபட்டது இருந்தது. ஆறியது இருந்தது. ஆறிய பிறகு இத்தனை வருஷம் தின்றது இருந்தது.

நெடுநேரம் கழித்து அவருடைய போன் அடித்தது. காப்பகத்து வண்டிக்காரர்.

“சார், பெருமாள்புரம் வந்துட்டோம். உங்க வீட்டுக்கு எப்படி வரணும்?”

“அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பேசுங்க.”

போனை வைத்துவிட்டு டீச்சரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். கையில் அந்த மெலிந்த கை இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

“இல்ல, டீச்சர்.”

“எது இல்ல?”

“சிரிச்சுக்கிட்டுப் போட்டானா, ஏசிக்கிட்டுப் போட்டானான்னு எந்த எலும்புலயும் இல்ல.”

“நல்லாப் பாத்தியளா?”

“ஒண்ணு விடாமப் பாத்தேன்.”

“இத்தனை வருஷம். ஒரு கண்ணு தெரியாது, காது கேக்காது, கையில்ல, காலு நொண்டி. வெளிய பனி. ஒருநாள்கூட ஒருத்தனும் இவரை ஏசியிருக்க மாட்டான்னு நெனைக்கியளா?”

பூதலிங்கம் யோசித்தார். “ஏசியிருப்பான்,” என்றார். அப்புறம், “இவனும் சும்மா இருந்திருக்க மாட்டான்,” என்றார்.

“இருந்திருக்க மாட்டாரு.”

“அப்ப நான் அனுப்பக் கூடாதுங்கியளா?”

“நான் அப்படிச் சொன்னேனா?” டீச்சரின் குரல் மறுபடி ஏறியது. “முடியலையா, அனுப்புங்க. இடுப்பு வலிக்கா, அனுப்புங்க. அங்கயும் நல்லாப் பாப்பாங்க. எனக்கு யோக்கியதை இல்லன்னு சொல்லி அனுப்பாதிய. அதுவும் நீங்க செஞ்சு சொருவுன கை மாதிரிதான், அங்க இல்லாதது.”

போன் மறுபடி அடித்தது. பூதலிங்கம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாலு மணியடித்தது. பிறகு எடுத்தார்.

“சார், வழி…”

“வர வேண்டாம்.”

“சார்?”

“வர வேண்டாம்னு சொல்லுதேன்லா! உங்களுக்கு வீண் அலைச்சல், மன்னிச்சுக்கிடுங்க. வையுங்க.”

விண்ணப்பத்தை எடுத்து, பிளாஸ்டர் சிந்தியிருந்த மேஜையை அதாலேயே துடைத்து, தொட்டியில் போட்டார். மெலிந்த கையைக் கொண்டுபோய், கம்பியில் கோத்து, அது இருக்க வேண்டிய இடத்தில் மாட்டினார். பீப்பாய் நெஞ்சுக்குப் பக்கத்தில் அது தொங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. சரியாக இருந்தது.

சட்டையை உதறிவிட்டுக் கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பினார். முகத்தில் கோபம் இம்மியும் குறைந்திருக்கவில்லை.

“இப்ப வீட்டுக்குப் போனதும் என்ன சொல்லுவான், தெரியுமா? போடாம்பான். சனியன் பிடிச்சவன். எனக்கு வாயில என்னென்ன வருமோ, எனக்கே தெரியாது.”

டீச்சர் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“நல்லா ஏசுங்க, அண்ணாச்சி. ஆத்திரம் தாங்கலேன்னா வெளிய கெடக்கு பாருங்க அரம், அதை எடுத்துட்டுப் போயி எறிங்க. தட்டை எறியாதிய.”